அடுப்படிக்கு ஒரு பருத்திப் பிடிதுணி: குரோஷா ஊசியை முதன்முதலாகப் பிடிப்பவருக்கு

குரோஷா ஊசியை இதுவரை தொட்டதில்லை, சூடான பாத்திரம் இறக்கக் காட்டன் நூலில் ஒரு பிடிதுணி பின்ன வேண்டும், மதுரையில் என்ன வாங்குவது, எப்படித் தொடங்குவது என்பது கேள்வி. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அளவு சிறியது. தெரியவேண்டிய பின்னல் இரண்டே இரண்டு. கொஞ்சம் கோணலாக வந்தாலும் வேலைக்கு ஆகும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது டிவி மேல் போடும் பூத்துணி அல்ல. கைக்கும் கொதிக்கிற பாத்திரத்துக்கும் நடுவில் நிற்கப்போகும் துணி. நூல், ஊசி, பின்னல், அளவு நான்கையும் "சூடு தாங்குமா" என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அழகு அதற்கு அப்புறம்.

நூல்

கடையில் போய் "குரோஷா நூல்" என்று மட்டும் கேட்டால் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, உல்லன் என்று எல்லோரும் சொல்லும் உருண்டை. பெயர்தான் உல்லன், பெரும்பாலும் அது கம்பளி அல்ல, அக்ரிலிக். இன்னொன்று, கைக்குட்டை ஓரத்துக்கும் மேசைவிரிப்புக்கும் பின்னுகிற மெல்லிய, பளபளப்பான காட்டன் நூல். முதலாவது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. இரண்டாவது தனி இழையாக ஆகாது.

அக்ரிலிக் ஏன் கூடாது என்றால், அது பிளாஸ்டிக் வகை. 200 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். இளகிய நூல் கல்லில் ஒட்டும், அதைவிட மோசமாக விரலில் ஒட்டும். பாலியெஸ்டரும் உருகுகிற நூல்தான், அதன் உருகுநிலை 250 டிகிரிக்குச் சற்று மேல். பருத்தி உருகாது. மிஞ்சிப்போனால் பழுப்பேறிக் கருகும். கருகும்போது வாடை வந்து எச்சரிக்கும், கையை எடுக்க நேரம் கிடைக்கும்.

லேபிளில் "100 சதவீதம் காட்டன்" என்று இருந்தாலும் ஒரு துண்டை எரித்துப் பார்ப்பது நல்லது. விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாடை வரும், மிச்சம் நிற்பது தொட்டால் உதிரும் சாம்பல். அக்ரிலிக் அல்லது கலப்பு நூலானால் உருகிச் சுருண்டு, ஆறியபின் நுனியில் கறுப்பாக, கெட்டியான மணி ஒன்று நிற்கும். மணி நின்றால் அந்த நூலைப் பிள்ளைகளின் பொம்மைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்சரைஸ் செய்த காட்டன் என்பது பளபளப்பேற்றிய நூல். அது பருத்திதான், ஆபத்து இல்லை. ஆனால் வழுவழுப்பு அதிகம், எண்ணெய்க் கையோடு பிடிக்கும்போது பாத்திரம் நழுவும். பளபளப்பில்லாத, கொஞ்சம் சொரசொரப்பான காட்டன்தான் பிடிதுணிக்கு நல்லது. அது பூரித்து நிற்கும், உள்ளே காற்றுத் தங்கும். சூட்டைத் தடுப்பதில் பாதி வேலை அந்தக் காற்றினுடையது.

தடிமனை எண்களால் குழப்பிக்கொள்ள வேண்டாம். 4 பிளை, 8 பிளை என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டிலேயே அளக்க ஒரு வழி உண்டு. அடிக்கோலில் நூலை நெருக்கமாக, இழுக்காமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். ஓர் அங்குலத்துக்குள் 9 அல்லது 10 சுற்று அடங்கினால் சரியான தடிமன். லேபிளில் நீளம் போட்டிருந்தால் 50 கிராமுக்கு 80 முதல் 90 மீட்டர் என்று இருக்கும். 14, 15 சுற்று வந்தால் நூல் மெல்லியது. அதை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்து மறுபடி சுற்றிப் பாருங்கள். இன்னும் போதவில்லை என்றால் மூன்று. நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மெல்லிய காட்டன்தான் என்பதால், பலர் கடைசியில் இப்படி இரட்டை இழையில்தான் பின்னுவார்கள். தவறில்லை. இரண்டு உருண்டைகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு இரண்டு நுனியையும் சேர்த்து இழுங்கள். ஒரே உருண்டையின் உள்நுனியையும் வெளிநுனியையும் சேர்த்துப் பின்னினால் நடுவில் முறுக்கிச் சிக்காகிவிடும்.

18 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டடுக்குப் பிடிதுணி ஒன்றுக்கு 60 முதல் 75 கிராம் நூல் போகும். 100 கிராம் வாங்குங்கள். பழகிப் பார்க்கவும் பிரிக்கவும் மிச்சம் வேண்டும். ஜோடியாகப் பின்ன நினைத்தால் லேபிளில் ஒரே சாயத்தொகுதி எண் உள்ள, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட, உருண்டைகளாகப் பார்த்து எடுங்கள். முதல் துணிக்கு வெளிர் நிறம் நல்லது: மஞ்சள், இளநீலம், கிளிப்பச்சை. கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி, அதாவது ஒவ்வொரு பின்னல் வளையமும், கண்ணுக்குத் தெரியாது. பழகாத கைக்கு அது பெரிய தண்டனை.

மதுரையில் எங்கே என்றால், கீழக்கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல் சாமான் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. அங்கே முதலில் பாருங்கள். எழுகடல் தெரு, விளக்குத்தூண் பக்கத்து ஃபேன்ஸி கடைகளிலும் கேட்கலாம். "உல்லன் வேண்டாம், நிட்டிங் காட்டன் வேண்டும்" என்று சொல்லிக் கேளுங்கள். ஆங்கர் என்ற பெயரில் வரும் காட்டன் பல கடைகளில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில், பின்னால் பிரிட்டிஷ் நூல் கம்பெனியான கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனதே, அந்தக் கம்பெனி வழியாக நம் ஊருக்கு வந்த பெயர்தான் அது. நூலுக்கென்று பேர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு பிடிதுணிக்கு அக்ரிலிக் வாங்க வேண்டியதில்லை.

ஊசியும் மற்றவையும்

4 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, 5 மில்லிமீட்டர் ஊசி ஒன்று. இரண்டும் அலுமினியத்தில் வரும், நடுவில் கட்டைவிரல் வைக்கத் தட்டையான இடமும் அதில் எண்ணும் இருக்கும். கடைக்காரர் நீட்டும் மெல்லிய ஸ்டீல் ஊசிகளில் 2, 4, 6 என்று இருக்கும் எண்கள் மில்லிமீட்டர் அல்ல. அவற்றில் எண் கூடக்கூட ஊசி மெலியும். "4-ஆம் நம்பர்" என்று கேட்டால் அந்த ஸ்டீல் ஊசிதான் வரும். "4 எம்எம்" என்று கேளுங்கள். மலிவான அலுமினிய ஊசி வெள்ளை நூலில் சாம்பல் கறை ஏற்றும், அதுவும் கை வியர்க்கும் சித்திரை வைகாசியில். ரப்பர் பிடி போட்ட ஊசி கிடைத்தால் கைக்கு இதம்.

இவை தவிர ஊக்கு நான்கு, கத்தரி, அளவு நாடா, நுனி மழுங்கிய பெரிய காது ஊசி ஒன்று. கூர்மையான கோணி ஊசி வேண்டாம், அது நூலைக் கிழித்துக்கொண்டு போகும்.

எந்த மாதிரியைப் பின்னுவது

பலரும் முதலில் ஒரு தட்டையான சதுரம் பின்னப் பார்ப்பார்கள். அதில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்ப வேண்டும். முதல் கண்ணி எது, கடைசிக் கண்ணி எது என்று தெரியாமல் வரிசைக்கு ஒன்று குறைந்து, சதுரம் மெல்ல முக்கோணமாகிவிடும். அப்படியே சரியாக வந்தாலும் அது ஒற்றை அடுக்கு, சூட்டுக்குப் போதாது. இரண்டு பின்னிச் சேர்க்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது வேறு மாதிரி. முதலில் ஒரு சங்கிலி, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த ஒரு வரிக் கண்ணி. அதன் இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி, திருப்பாமல், ஒரு பை மாதிரி பின்னிக்கொண்டே போக வேண்டும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் அந்தப் பையை மூலைவாட்டில் மடித்து வாயைத் தைத்தால், தானாகவே இரண்டடுக்குச் சதுரம் வந்துவிடும். கண்ணி கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை, ஓரம் என்று ஒன்று கிடையாது. முதன்முதலாகப் பின்னுபவர் கெடுக்கிற இடங்கள் எல்லாமே இதில் இல்லாமல் போகின்றன.

கணக்கு இதுதான். சங்கிலியின் நீளம் சதுரத்தின் மூலைவிட்டம் ஆகும். ஆகவே வேண்டிய பக்க அளவை 1.4-ஆல் பெருக்கினால் சங்கிலி நீளம். பையின் உயரம் சங்கிலி நீளத்தில் சரிபாதி. 18 செ.மீ. சதுரத்துக்குச் சங்கிலி ஏறத்தாழ 25 செ.மீ., உயரம் 12.5 செ.மீ. மேலே சொன்ன நூலிலும் 4 எம்எம் ஊசியிலும் 10 செ.மீ.க்கு ஏறத்தாழ 16 கண்ணி வரும், அதனால் 40 கண்ணி. உங்கள் கை இறுக்கமானால் 10 செ.மீ.க்கு 18 வரும், அப்போது 45. எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், நாடாவை நம்புங்கள்.

பின்னல் இரண்டு

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதையே பிரிட்டிஷ் முறைப் புத்தகங்கள் டபுள் குரோஷே என்கின்றன. பின்னலைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: ஊசியை உள்ளே விடுவதற்கு முன் நூலைச் சுற்றவில்லை என்றால் அதுதான் நமக்கு வேண்டிய சிங்கிள்.

இடது கையில் நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, நடு இரண்டு விரல்களுக்கு அடியில் விட்டு, ஆட்காட்டி விரலின் மேல் கொண்டுவாருங்கள். நூலின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அந்தச் சுண்டுவிரல் சுற்றுதான். வலது கையில் ஊசியைப் பேனா மாதிரியும் பிடிக்கலாம், காய் நறுக்கும் கத்தி மாதிரியும் பிடிக்கலாம். மணிக்கட்டு வலிக்காத பிடியே சரியான பிடி. இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள்; பின்னல் இடமிருந்து வலமாகப் போகும், துணியில் எந்தக் குறையும் வராது.

நூல் நுனியில் 15 செ.மீ. விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலைப் பின்னாலிருந்து ஊசியின் மேல் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டி, வளையத்துக்குள் இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. அதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் சங்கிலி. புதிய வளையத்தை ஊசியின் தடித்த தண்டு வரை ஏற்றிவிட்டுத்தான் அடுத்த கண்ணிக்குப் போக வேண்டும். கொக்கிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கிய இடத்திலேயே வளையத்தை நிறுத்தினால் சங்கிலி கல்லாக இறுகும், அடுத்த சுற்றில் ஊசி நுழையவே நுழையாது. புதியவர்கள் ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மருந்து சுலபம்: சங்கிலியை மட்டும் 5 எம்எம் ஊசியில் போட்டுவிட்டு, மற்றதை 4 எம்எம்மில் பின்னுங்கள்.

சிங்கிள் போடுவது இப்படி: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலை மாட்டி, வெளியே இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையம். மறுபடி நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுங்கள். ஒரு சிங்கிள் முடிந்தது.

இந்த இரண்டையும் தனியாக ஒரு நாள் பழகிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. 15 கண்ணிச் சங்கிலி போட்டு, நாலைந்து வரிசை சிங்கிள் போட்டுப் பாருங்கள். அதைக் கழுவிக் காயவைத்து அளந்தால் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, நூல் எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா என்று மூன்றும் தெரிந்துவிடும்.

பின்னத் தொடங்குவது

41 சங்கிலி போடுங்கள். ஊசியில் இருக்கும் வளையத்தை எண்ணக்கூடாது. முன்பக்கம் பார்த்தால் சங்கிலி, சாய்ந்த இரட்டை இழைகளாகத் தெரியும். முதுகுப் பக்கம் சின்னச் சின்ன மேடுகளாக இருக்கும். முன்பக்கம் உங்களைப் பார்க்கட்டும், முறுக்கிக்கொள்ள விடாதீர்கள்.

ஊசிக்கு அடுத்த முதல் கண்ணியை விட்டுவிட்டு இரண்டாவதில் சிங்கிள். அங்கிருந்து சங்கிலி முடிவு வரை கண்ணிக்கு ஒன்றாக 40. ஊசி எடுக்க வேண்டியது மேல் இழையையும் முதுகு மேட்டையும் சேர்த்து. கீழ் இழை அடுத்த பக்கத்துக்கு இருக்கட்டும். இப்படி எடுத்தால் நடுவில் ஓட்டைக் கோடு விழாது.

40-ஆவது சிங்கிள் போட்டதும் துணியைப் புரட்டாதீர்கள். சங்கிலியின் அடிப்பக்கம் மேலே வரும்படி துணியைச் சுழற்றுங்கள். முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கும். விட்டுவைத்த கீழ் இழைகளில் திரும்பி வாருங்கள், இன்னொரு 40. கடைசிச் சங்கிலிக் கண்ணியில் அந்தப் பக்கத்துக்கு ஒன்று, இந்தப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டே இரண்டு சிங்கிள்தான். வட்டமாக வளைய வேண்டுமே என்று மூன்றாவதைப் போட்டுவிடாதீர்கள். தட்டையான நீள்வட்டம் பின்னுபவர்கள் முனையில் கூட்டுவார்கள். நமக்கு வேண்டியது தட்டை அல்ல, பை. ஆரம்பத்தில் விட்டுவிட்ட அந்த முதல் சங்கிலிக் கண்ணியையும் தொட வேண்டாம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 80.

இப்போது இணைக்காமல், திருப்பாமல், முதல் சுற்றின் முதல் சிங்கிளிலேயே நேராக அடுத்ததைப் போடுங்கள். போட்டதும் அதில் ஓர் ஊக்கை மாட்டுங்கள். அதுதான் சுற்றின் தொடக்கம். சுற்றி வந்து ஊக்கைத் தொட்டால் ஒரு சுற்று. ஊக்கைக் கழற்றி, அடுத்த சுற்றின் முதல் கண்ணியில் மாற்றுங்கள். இனி ஊசி எப்போதும் கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைக்கும் அடியில்தான் நுழைய வேண்டும். ஓர் இழையை மட்டும் எடுத்தால் துணி வரிவரியாக அழகாகத்தான் வரும், ஆனால் மெலிந்துவிடும். பூவேலைக்கு அது சரி, சூட்டுக்கு அல்ல.

முதல் மூன்று சுற்றும் ஒவ்வொன்றையும் எண்ணுங்கள், 80 இருக்கிறதா என்று. குறைந்தால் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்றில் ஒரு கண்ணியைத் தாண்டியிருப்பீர்கள். கூடினால் ஒன்றிலேயே இரண்டு போட்டிருப்பீர்கள், அல்லது நூலிழை பிரிந்து ஒரு கண்ணி இரண்டாகத் தெரிந்திருக்கும். பளபளப்பில்லாத காட்டனில் பெரும்பாலும் முறுக்குக் குறைவு. கொக்கி நுனி இழைகளுக்கு நடுவில் புகுந்து பிளக்கும். இழுக்கும்போது கொக்கியின் வாய் கீழே பார்க்கும்படி மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் பிளவு குறையும். தப்புத் தெரிந்த இடம் வரை பிரித்துவிடுங்கள். குரோஷாவில் ஊசியில் இருப்பது ஒரே வளையம், நூலை இழுத்தால் சரசரவென்று பிரியும், வேறு எதுவும் அவிழாது. பிரிக்கத் தயங்குகிறவர்களின் துணிதான் கோணலாகும்.

மூன்று நான்கு சுற்றிலேயே துணி காகிதப் படகு மாதிரி குழிய ஆரம்பிக்கும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். உள்வெளி மாறாமல் மட்டும் பாருங்கள்: சீரான சிறுகண்ணிகள் தெரியும் முன்பக்கம் வெளியே இருக்க வேண்டும். அது உள்ளே போயிருந்தால் பையை வெளிப்புறமாகத் திருப்பிவிட்டுத் தொடருங்கள்.

நூல் தீர்ந்தால், அல்லது நிறம் மாற்ற நினைத்தால், ஒரு சிங்கிளின் கடைசி இரண்டு வளையம் ஊசியில் இருக்கும்போது பழைய நூலை விட்டுவிட்டுப் புதிய நூலை மாட்டி இழுங்கள். இரண்டிலும் 15 செ.மீ. வால் இருக்கட்டும். முடிச்சுப் போடாதீர்கள். காட்டன் முடிச்சு துவைக்கத் துவைக்க அவிழும், அவிழாவிட்டால் விரலில் நெருடும். ஒயர் கூடை பின்னிப் பழகியவர்களுக்கு வெட்டிய நுனியைத் தீக்குச்சியில் காட்டும் பழக்கம் இருக்கும். இங்கே அது வேண்டாம். ஒயர் உருகி ஒட்டும், பருத்தி எரிந்துதான் போகும். வாலை மழுங்கிய ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் ஒரு பக்கமாக 4 செ.மீ., திரும்பி எதிர்ப்பக்கமாக 4 செ.மீ. ஓட்டி வெட்டினால் போதும். பைக்கு உள்பக்கம் ஓட்டினால் வெளியே தெரியவும் தெரியாது.

எங்கே நிறுத்துவது

20 சுற்றுக்கு மேல் வந்ததும் உயரத்தை அளந்து பாருங்கள். 12 செ.மீ.யைத் தொட்டதும் மடித்துச் சோதிக்க வேண்டும். ஆரம்பச் சங்கிலிக் கோடு ஒரு பக்கத்தில் மூலைக்கு மூலை போகும்படியும், பையின் வாய் மறுபக்கத்தில் மூலைவாட்டில் சேரும்படியும் மடியுங்கள். வாயின் இரண்டு ஓரமும் இழுக்காமல் தொட்டுக்கொண்டால் போதும், நிறுத்தலாம். இழுத்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று வேண்டும். அப்படியே தைத்தால் சதுரம் நடுவில் குழிந்து மூலைகள் தூக்கும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒரு சுற்று அதிகம், பிரியுங்கள். சரியான சுற்று எண்ணிக்கை 20-க்கும் 25-க்கும் நடுவில் எங்காவது வரும், ஒவ்வொருவர் கைக்கும் மாறும். இரண்டாவது துணி முதலாவதோடு ஜோடி சேர வேண்டுமானால் உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி நூல் லேபிளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் இடம் சதுரத்தின் மூலைக்கு வர வேண்டும். வேண்டுமானால் சில கண்ணி அதிகமாகப் போட்டு மூலைக்கு வாருங்கள். கடைசி ஒரு கண்ணியில் ஸ்லிப் ஸ்டிச், அதாவது ஊசியை விட்டு நூலை மாட்டி எல்லாவற்றுக்குள்ளும் ஒரே இழுப்பு. சுற்று முடியும் இடத்தில் நிற்கும் உயர வித்தியாசம் தெரியாமல் இறங்கிவிடும். 75 செ.மீ. வால் விட்டு வெட்டி, வளையத்துக்குள் இழுத்து முடியுங்கள்.

தைக்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல், பணியாரக் கல், வார்ப்பு வாணலி இறக்கத்தான் இது என்றால் உள்ளே ஓர் அடுக்குச் சேருங்கள். பழைய காட்டன் துண்டு இருந்தால் அதில் 17 செ.மீ. சதுரம் வெட்டி, மடித்த பைக்குள் வைத்து, நான்கு மூலையிலும் ஒவ்வொரு தையல் போட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் துவைத்ததும் ஒரு மூலையில் உருண்டுவிடும். செல்லூர்த் துண்டு நைந்து கிடந்தால் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஸ்பாஞ்சு, தலையணைப் பாலியெஸ்டர் பஞ்சு இரண்டும் கூடாது. வெளியே பருத்தி போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். பால் சட்டி, குக்கர், இட்லிப் பானை மூடி இவற்றுக்கு உள் அடுக்கு தேவையில்லை. தடிமன் கூடினால் பாத்திர விளிம்பைப் பற்றும் பிடி குறையும்.

வாயின் இரண்டு ஓரத்துக் கண்ணிகளையும் நேருக்கு நேர் வைத்து, 75 செ.மீ. வாலைக் கோத்த மழுங்கிய ஊசியை ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே திசையில் விட்டு மேலே சுற்றிச் சுற்றித் தையுங்கள். பக்கத்துக்கு 40 கண்ணி என்பதால் 40 தையல். முதலில் நடுவிலும் இரு முனையிலும் ஊக்குக் குத்திக்கொண்டால் கடைசியில் ஒரு பக்கம் மிஞ்சாது. நூலை ரொம்ப இறுக்காதீர்கள், மூலைவாட்டுத் தையல் சுருங்கினால் சதுரமே சாய்சதுரமாகும்.

மாட்ட ஒரு வளையம் வேண்டுமானால் மூலையில் நூலை இணைத்து 12 சங்கிலி போட்டு அதே இடத்தில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு முடியுங்கள். ஆணியில் மாட்ட அது போதும். பெரிய வளையம் கேஸ் அடுப்பின் திருகில் மாட்டும், பாத்திரக் காதில் மாட்டும். குஞ்சம், தொங்கல், பூ ஓரம் எதுவும் வேண்டாம். தீச்சுடருக்குப் பக்கத்தில் போகும் துணியில் தொங்கும் நூல் இருக்கவே கூடாது. சேலைத் தலைப்பால் பாத்திரம் இறக்கக்கூடாது என்று சொல்வதற்கு உள்ள அதே காரணம்தான்.

இன்னும் சில கோளாறுகள்

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணிகளுக்கு நடுவில் ஒளி புள்ளிபுள்ளியாகத் தெரிகிறதா? அந்த வழியாகத்தான் ஆவி வரும். ஊசி பெரியது என்று அர்த்தம், அரை எம்எம் குறைத்து 3.5-இல் பின்னுங்கள். அமெரிக்க முறையில் டபுள் குரோஷே எனப்படும் நீளக் கண்ணியில் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான், ஆனால் துணி சல்லடையாக இருக்கும். சதுரச் சதுரமாக இணைக்கும் பூ மாதிரிகளையும் இதற்காகத்தான் ஒதுக்கச் சொல்கிறேன்.

ஒரே துணியில் ஆரம்பம் தளர்வாகவும் போகப்போக இறுக்கமாகவும் வந்தால், கோபத்திலோ களைப்பிலோ நூலை இழுத்திருக்கிறீர்கள். அரைமணி நேரத்துக்கு ஒரு முறை கையை உதறி ஓய்வு கொடுங்கள். கை வியர்த்தால் நூல் விரலில் ஒட்டி இறுகும். கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளலாம்.

எவ்வளவு கவனமாகப் பின்னினாலும் நனைந்த பிடிதுணி பயன்படாது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். காய்ந்த துணியில் கையைக் காக்கும் காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது. அதுவே நொடியில் கொதித்துக் கையைச் சுடும். அடுப்படி மேடை துடைக்கிற கரித்துணியையும் பிடிதுணியையும் ஒன்றாக்காதீர்கள், இரண்டும் தனித்தனி ஆணியில் தொங்கட்டும்.

புதுத் துணியை முதலில் ஒரு முறை தனியாகத் துவையுங்கள். சிவப்பும் அடர்நீலமும் ஒன்றிரண்டு துவையலுக்குச் சாயம் விடும். பருத்தி ஓரளவு சுருங்கவும் செய்யும், அதில் கண்ணிகள் இன்னும் நெருங்கும், அது நமக்கு நல்லதே. ஈரத்தோடு நான்கு மூலையையும் இழுத்துச் சதுரமாக்கி, தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள். உள் அடுக்கு இருந்தால் மேலே காய்ந்ததும் உள்ளே ஈரம் நிற்கும். மதுரை வெயிலிலும் ஒரு முழுப் பகல் கொடுங்கள். கஞ்சி போட வேண்டாம், விறைத்த துணி பாத்திரத்தைப் பற்றாது. எண்ணெய் ஊறியதை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். அலசியும் எண்ணெய் வாடை போகாத துணியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பருத்தி திரி மாதிரி பற்றும்.

முதல் முறை பயன்படுத்தும்போது வெறும் வெந்நீர்ப் பாத்திரத்தில் சோதியுங்கள். இரண்டு கையிலும் பிடித்துப் பத்து எண்ணும் வரை சூடு உறைக்காவிட்டால் அன்றாடப் பாத்திரங்களுக்குப் போதும். தோசைக்கல்லின் கைப்பிடிக்கு அதே துணியை இரண்டாக மடித்துப் பிடியுங்கள். அடுப்பிலிருந்து மேடை வரைதான் இதன் வேலை. கொதிக்கும் சாம்பாரோடு கூடம் வரை நடக்க வேண்டுமானால், பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்துத் தூக்குங்கள்.

ஒற்றைக் கைப்பிடி வாணலிக்கு மட்டும் உறை பின்ன நினைத்தால் இதே வழியில் சின்னதாகப் போகலாம்: கைப்பிடியின் அகலத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம் வரும்படி சங்கிலி, இரண்டு பக்கமும் சுற்றிச் சிங்கிள், கைப்பிடி நீளத்தில் முக்கால் பங்கு உயரம் வந்ததும் முடித்துவிடுங்கள், மடிக்கவோ வாய் தைக்கவோ வேண்டாம். இதையும் இரட்டைத் தடிமனாக்க, அதே உயரத்துக்கு இன்னொரு மடங்கு பின்னி, மேற்பாதியை உள்ளே திணித்துவிடலாம். தூக்கும்போது மட்டும் மாட்டி, இறக்கியதும் கழற்றிவிடுங்கள்.